எமர்ஜென்சி ஃபண்ட் சேரும் வரை யார் தாங்குவார்? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஊழியர்களுக்கு ஒரு கணக்கு

2014 நவம்பர் 1. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையின் உற்பத்தி நின்ற நாள். 2006-ல் ஓடத் தொடங்கிய ஆலை அது. நல்லா ஓடின காலத்தில் நேரடி ஊழியர்கள் மட்டும் சுமார் 8,000 பேர். வருமான வரி வழக்கில் ஆலையின் சொத்து முடக்கப்பட்டிருந்ததால், நோக்கியாவின் மொபைல் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் அந்த வருடமே விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்கள். பக்கத்திலேயே இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் மூடியது.

விருப்ப ஓய்வு என்றால் 55 வயது வங்கி அதிகாரிதான் நமக்கு ஞாபகம் வருவார். இங்கே அதை வாங்கியவர்களில் நிறைய பேர் இருபதுகளில் இருந்தவர்கள். அவங்க யாரும் வேலையில் தப்பு பண்ணலை. லைன் டார்கெட்டை முடிக்காமல் விடவும் இல்லை. எங்கேயோ ஒரு ஒப்பந்தம், எங்கேயோ ஒரு வழக்கு. இங்கே கேட் மூடிவிட்டது. அப்புறம் 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகரிலும் இதே கவலை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நோக்கியா ஆலை இருந்த இடத்தை சால்காம்ப் வாங்கி மறுபடி ஆள் எடுத்தது. ஃபாக்ஸ்கானும் திரும்பி வந்து இன்று ஐபோன் செய்கிறது. இந்தப் பகுதியில் வேலை அழிவதில்லை, இடம் மாறுகிறது. ஒரு கேட் மூடும்போது இன்னொரு கேட்டில் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த இன்னொரு கேட் எது என்று உங்களுக்கு எத்தனை நாளில் தெரியவரும் என்பதுதான் பிரச்சினை. அந்த நாட்களுக்கு ஒரு விலை இருக்கு. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

26 மாத இடைவெளி

கைக்கு 24,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. ரூம் வாடகையில் உங்க பங்கு 3,000. வீட்டுக்கு அனுப்புவது 8,000. பைக் இஎம்ஐ 4,200. சாப்பாடு, போன், ஊருக்குப் போக வர 4,300. மொத்தம் 19,500. மீதி 4,500.

ஆறு மாதச் செலவை எமர்ஜென்சி ஃபண்டாக வையுங்கள் என்று நம்ம வீடியோக்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கேன். இந்தக் கணக்கில் அது 1,17,000 ரூபாய். மாதம் 4,500 வீதம் ஒரு ரூபாய் கூடத் தொடாமல் சேர்த்தால் 26 மாதம் ஆகும். தங்கச்சி கல்யாணம், அப்பா ஆபரேஷன், போன் உடைந்தது எதுவும் இதில் சேர்க்கவில்லை. நிஜத்தில் மூணு வருஷம்னு வச்சுக்கோங்க. டிரெயினியாகவோ கான்ட்ராக்டிலோ சேர்ந்தவருக்கு வேலையே அவ்வளவு காலம் நிலைக்குமா என்பது வேறு விஷயம்.

சரி, அந்த 26 மாதத்துக்குள் வேலை போனால்? அடுத்த வேலை கிடைக்க நாலு மாதம் ஆனால் 78,000 ரூபாய் வேணும். ஒரே மாதத்தில் கிடைத்தால் 19,500 போதும். வித்தியாசம் 58,500. உங்க 13 மாத சேமிப்பு அது. அந்த மூணு மாதத்தைக் குறைத்துத் தருவது பெரும்பாலும் நாலைந்து மனிதர்கள்தான். வேற கம்பெனியில் இருக்கணும், உங்க வேலையைப் பார்த்திருக்கணும், போன் பண்ணினால் எடுக்கணும். பேலன்ஸ் ஷீட்டில் காட்ட முடியாத சொத்து. ஆனால் ஃபண்ட் முழுசாச் சேரும் வரை உங்களைத் தாங்குவது அதுதான்.

நெட்வொர்க்கிங் என்று சொன்னதும் பலருக்கு ஒரு கூச்சம் வரும். கோட்டு போட்டவர்கள் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வது, லிங்க்டினில் முன்பின் தெரியாதவருக்கு "டியர் சார்" என்று எழுதுவது. நம்ம ஊரில் இதற்குப் பழைய பேர் பழக்கம். "அவர் எனக்குப் பழக்கம்" என்கிறோமே, அதுதான். பழக்கம் ஒரு நாளில் வராது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பகிர்ந்துகொள்பவர்களுக்குள் தானாக வரும். ஓஎம்ஆரில் இருப்பவர்களுக்கு அதற்கென்று கோ-வொர்க்கிங் ஆபீஸ், காபி மெஷின் எல்லாம் இருக்கு. ஒரகடத்தில் இருப்பவருக்கு பஸ் ஸ்டாப், கேன்டீன், ஸ்டோர்ஸ் கவுன்டர், ஹாஸ்டல் ரூம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் உசத்தி. கோ-வொர்க்கிங்கில் நீங்க பேசுவதை மட்டும்தான் அடுத்தவர் பார்க்கிறார். இங்கே நீங்க வேலை செய்வதைப் பார்க்கிறார்.

நெருங்கிய நண்பன் ஏன் போதாது

1973-ல் அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில் புதிதாக வேலை மாறியவர்களிடம், யார் மூலம் தகவல் கிடைத்தது, அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை வாரம் இரண்டு முறையாவது பார்த்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8 சதவீதம். சின்ன சாம்பிள்தான். ஆனாலும் காரணம் புரிகிறது. உங்க ரூம்மேட்டுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். ஒரே லைன், ஒரே சூப்பர்வைசர், ஒரே வாட்ஸ்அப் குரூப். ஆலை மூடும் அன்று இரண்டு பேரும் சேர்ந்துதான் வெளியே நிற்பீர்கள்.

2022-ல் 'சயின்ஸ்' இதழில் லிங்க்டின் தரவை வைத்து 2 கோடி பேருக்கு மேல் செய்த ஆய்வு வந்தது. ரொம்ப நெருக்கமும் இல்லாத, முழுக்க அந்நியமும் இல்லாத நடுத்தரப் பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவியது என்று அதில் தெரிந்தது. யாரும் அதிகம் சொல்லாத இன்னொரு விஷயமும் அதில் இருக்கு. டிஜிட்டல் வேலை குறைவாக உள்ள துறைகளில் நெருங்கிய பழக்கமே கூடுதலாக உதவியது. நம்ம பகுதிக்கு இது முக்கியம். ஷாப் ஃப்ளோரில் "பையன் எப்படி?" என்று ஒருத்தர் கேட்டால், பக்கத்தில் நின்று பார்த்தவர் பதில் சொல்லணும். ப்ரொஃபைலைப் பார்த்தவர் சொல்ல முடியாது.

ஆக உங்களுக்குத் தேவை, ஒரு காலத்தில் உங்க வேலையைக் கிட்ட இருந்து பார்த்தவர், இப்போது வேற இடத்தில் இருப்பவர். அப்படிப்பட்டவர் எங்கே கிடைப்பார்?

பஸ் ஸ்டாப்பும் ஹேண்ட்ஓவர் நோட்டும்

பூந்தமல்லி, தாம்பரம், காஞ்சிபுரம், திருவள்ளூர், செய்யாறு என எந்தப் பிக்கப் பாயின்ட்டாக இருந்தாலும் காலை ஷிஃப்ட் நேரத்தில் கவனியுங்க. ஒரே டீக்கடை வாசலில் ஐந்தாறு கம்பெனி யூனிஃபார்ம் நிற்கும். கார் கம்பெனி, டயர் கம்பெனி, கண்ணாடி, மொபைல், அவற்றுக்கு பார்ட்ஸ் செய்யும் வென்டர்கள். வேறு எங்கேயும் இத்தனை கம்பெனி ஆட்கள் ஒன்றாக நிற்பதில்லை. எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே தினம் பார்க்கிற ஒரு முகத்திடம் "உங்க பஸ் இன்னிக்கு லேட்டாண்ணா?" என்று கேட்க கூச்சமே வேண்டாம். ஒரு மாதத்தில் அவர் எந்த டிபார்ட்மென்ட் என்று தெரியும். மூணு மாதத்தில் அவங்க கம்பெனியில் ஓவர்டைம் இருக்கா இல்லையா என்பது தெரியும். ஓவர்டைம் குறைவது, ஷிஃப்ட் மூன்றிலிருந்து இரண்டாவது, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நீட்டிப்பு நிற்பது இதெல்லாம் நியூஸ்பேப்பருக்கு முன்னால் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடும்.

பஸ் ஸ்டாப்பில் கிடைப்பது தகவல். உங்களுக்காகப் பேசும் ஆள் கிடைப்பது ஆலைக்கு உள்ளே.

எம்ஐடியில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் 1970களில் இன்ஜினியர்களின் இருக்கைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பார்த்தார். தூரம் கூடக்கூட பேச்சு சடசடவென்று குறைகிறது, ஒரு 50 மீட்டர் தாண்டினால் பேச்சே கிட்டத்தட்ட இல்லை என்று கண்டார். நம்ம ஷெட்டின் நீளம் என்ன? அசெம்பிளிக்கும் பெயின்ட் ஷாப்புக்கும் நடுவே எவ்வளவு நடை? அதனால்தான் நாலு வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தும் மெயின்டெனன்ஸில் ஒருத்தர் பேர் கூடத் தெரியாமல் இருக்கிறோம். கேன்டீன் ஒன்றுதான் இந்தத் தூரத்தை அரை மணி நேரத்துக்கு அழிக்கிற இடம். தினமும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் வேற டேபிளில் தட்டை வையுங்க. ஸ்டோர்ஸ், டூல் ரூம், மெயின்டெனன்ஸ், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி. "எங்க லைனில் இந்த சென்சார் ஏன் அடிக்கடி ட்ரிப் ஆகுது?" என்று அவர் வேலையைப் பற்றிக் கேளுங்க. தன் வேலையைப் பற்றி மரியாதையாகக் கேட்பவரை யாரும் மறப்பதில்லை.

ஸ்டாக் ஆடிட்டுக்காக இந்தப் பக்கம் பல கம்பெனிகளுக்குப் போயிருக்கேன். மார்ச் 31 ராத்திரி ஸ்டோர்ஸில் பெட்டி எண்ணும்போது எனக்குக் கண்ணில் படுவது ஷிஃப்ட் ஹேண்ட்ஓவர் நோட்டு. பாதி பேர் "ஆல் ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒருத்தர் மட்டும் எழுதியிருப்பார்: "3-ம் மெஷினில் ஆயில் லீக், டிரே வைத்திருக்கேன், மெயின்டெனன்ஸில் சொல்லியாச்சு, 11 மணிக்கு வருவாங்க. ரிஜெக்ட் 14, தனியா சிவப்பு பின்னில் இருக்கு." அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் இவரை நேரில் பார்த்துப் பத்து நிமிஷம் கூடப் பேசியிருக்க மாட்டார். ஆனால் இவரால் அவருக்கு தினமும் அரை மணி நேரத் தலைவலி மிச்சம். ரெண்டு வருஷம் கழித்து அவர் வல்லம் வடகாலில் இன்னொரு கம்பெனிக்குப் போய், அங்கே ஆள் வேணும்னு கேட்கும்போது யார் பேர் முதலில் வாயில் வரும்? டீ வாங்கிக்கொடுத்தவர் பேரா, இவர் பேரா?

பேசிப் பழகத் தெரியாதவர்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். "நான் இன்ட்ரோவர்ட் அண்ணா, எனக்கு இதெல்லாம் வராது" என்று நிறைய பேர் எழுதுறீங்க. பேச வேண்டாம், தெளிவா எழுதுங்க போதும்.

இன்னொரு ஆளைக் குறிப்பாகச் சொல்லணும். பெரிய கம்பெனிகளில் சப்ளையர் தரப்பிலிருந்து ஒருத்தரை ஆலைக்குள்ளேயே உட்கார வைத்திருப்பார்கள், ரெசிடென்ட் இன்ஜினியர் என்று. பார்ட்டில் குறை வந்தால் எல்லாரும் அவர் மேல்தான் கத்துவார்கள். அவருக்கு அந்த ஆலையில் நாற்காலி கூட சில நேரம் இருக்காது. அவரிடம் ஒழுங்கா, உண்மையான டேட்டாவோடு பேசுபவர் ஒருத்தர் இருந்தால் அந்தச் செய்தி சப்ளையர் கம்பெனியின் க்வாலிட்டி ஹெட் வரை போகும். அவருக்கு உங்க ஆலை மட்டுமல்ல, அந்தப் பார்ட் போகிற மற்ற ஆலைகளும் தெரியும். மரியாதை கொடுங்க, சலுகை கொடுக்காதீங்க. குறையுள்ள பார்ட்டை "பழக்கத்துக்காக" பாஸ் பண்ணினால் அது பழக்கம் இல்லை, அவர் கையில் உங்க ஜுட்டு. தீபாவளிக்கு அவர் கொடுக்கும் கிஃப்ட் பெட்டிக்கும் உங்க கம்பெனியின் நடத்தை விதியில் ஒரு வரி இருக்கும். ஒரு தடவை படிச்சிடுங்க.

ரூமில் இருப்பவர்கள்

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் ஊழியர்கள் ஹாஸ்டல் சாப்பாட்டுப் பிரச்சினைக்காகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கும். அதன்பின் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டித் திறந்தது. ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே ரூம் கேட்பது இயல்புதான். ஆனால் வேற மாவட்டத்துப் பெண்ணோடு, வேற லைனில் வேலை பார்ப்பவரோடு ரூம் கிடைத்தால் மாற்றச் சொல்லி அவசரப்படாதீங்க.

நோக்கியா காலத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை ரூமில் சேர்ந்திருந்த பெண் தொழிலாளர்களின் பேச்சை மதுமிதா தத்தா என்ற ஆய்வாளர் பதிவு செய்து, 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்' என்று முதலில் பாட்காஸ்டாகவும் 2021-ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். வேலை, சம்பளம், கல்யாணம், கனவு எல்லாம் அந்த ரூமில் பேசப்பட்டது. ஷிஃப்ட் முடிந்த ரூமில்தான் "உனக்கு எவ்வளவு பிடிக்கிறாங்க?" என்று பே ஸ்லிப்பை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். பிஎஃப் பிடித்தும் கணக்கில் கட்டாத கான்ட்ராக்டர் இரண்டு பே ஸ்லிப், இரண்டு பிஎஃப் பாஸ்புக் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாட்டுவான்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் வேலை விஷயமாகப் பழகுவது என்றால் வேலை நேரத்தில், வேலைக் குரூப்பில். ராத்திரி 11 மணிக்கு "சாப்டாச்சா" மெசேஜ் நெட்வொர்க்கிங் கணக்கில் வராது.

சிம்மைத் திருப்பிக் கொடுக்கும் முன்

நிறைய பேர் கோட்டை விடும் இடம் இது. உங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் கம்பெனி சியூஜி சிம்மிலும் கம்பெனி மெயிலிலும் இருக்காங்க. ரிலீவ் ஆகும் அன்று இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள். அவர் ரிலீவ் ஆனாலும் அதே கதைதான், நீங்க சேமித்த நம்பர் வேற ஒருத்தருக்குப் போயிருக்கும். யாராவது கம்பெனியை விட்டுப் போகிறார் என்று தெரிந்தால் ஃபேர்வெல் கேக் சாப்பிட்டுவிட்டு வந்துவிடாதீங்க. சொந்த நம்பர் வாங்குங்க, எந்தக் கம்பெனி, எந்த டிபார்ட்மென்ட் என்று சேர்த்துச் சேமியுங்க. நம்பர் மட்டும்தான். டிராயிங், ரேட் ஷீட், வென்டர் லிஸ்ட் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பக் கூடாது. அது தொடர்பு சேர்ப்பது இல்லை, திருட்டு. அடுத்த கம்பெனியும் உங்களை அப்படித்தான் பார்க்கும்.

பொங்கலுக்கு ஃபார்வர்டு படம் அனுப்புவதை விட, வருடத்தில் ஒரு தடவை உபயோகமான ஒரு வரி போதும். "அண்ணா, நீங்க செட் பண்ணின அந்த ஃபிக்ஸ்சர் இன்னும் ஓடுது" என்று அனுப்பினால் அவர் அன்றைக்கு முழுக்க சந்தோஷமா இருப்பார்.

வேலை தேவைப்படும்போது எப்படிக் கேட்பது? "அண்ணா ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, "பார்க்கலாம்பா" என்பார். இப்படிக் கேட்டுப் பாருங்க:

"வணக்கம் அண்ணா, பி ஷிஃப்ட்டில் உங்களோட மெஷின் ஷாப்பில் இருந்த பையன். இப்போ சிஎன்சி செட்டிங் தனியாப் பண்றேன், மூணு வருஷம் ஆச்சு. உங்க கம்பெனியில் இந்த வேலைக்கு ரோலில் எடுக்கிறாங்களா, கான்ட்ராக்ட்டா? வேகன்சி இல்லைன்னாலும் பரவாயில்லை, சம்பளம், பஸ், கேன்டீன் எப்படின்னு தெரிஞ்சா உதவியா இருக்கும்."

தகவல் கேட்பது யாருக்கும் பாரமில்லை. அந்தத் தகவலுக்கு விலையும் அதிகம். உதாரணம் சொல்றேன். இப்போ கைக்கு 24,000. புது ஆஃபர் 26,500. கூட 2,500 என்று தாவத் தோணும். உள்ளே இருப்பவர் சொல்கிறார்: "இங்கே பஸ் உங்க பிக்கப் பாயின்ட்டுக்கு வராது, கேன்டீனில் சாப்பாட்டுக்குப் பிடிப்பாங்க." பெட்ரோல் 2,200, சாப்பாடு 1,300. மொத்தம் 3,500. சம்பளம் கூடியும் கையில் மாதம் 1,000 குறைகிறது. இதை ஆஃபர் லெட்டரில் போட மாட்டாங்க, எச்ஆர் தானாகச் சொல்லவும் மாட்டார். வேலை வாங்கித் தருவதற்கு முன்னால், தப்பான வேலைக்குப் போகாமல் தடுப்பதே அந்தப் பழக்கத்தின் முதல் லாபம்.

வேலை வாங்கித் தர்றேன் என்று யாராவது பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்க. "ஹெச்ஆரில் நம்ம ஆள் இருக்கார், 30,000 கொடுத்தா ரோல்" என்பவர் உங்க ஊர்க்காரராகவே இருந்தாலும் சரி.

பழக்கத்தை விற்பவர்கள்

இந்தச் சொத்து கரைவதும் அதே பஸ்ஸில்தான். சேல்ஸ் டீம் யாரைத் தேடுகிறது? மாதச் சம்பளம் வாங்கும், ஒருத்தரை ஒருத்தர் நம்பும் ஐம்பது பேரை. கம்பெனி பஸ்ஸில் அப்படியே உட்கார்ந்திருக்காங்க. "சண்டே ஒரு மீட்டிங் இருக்கு, பிசினஸ் ஆப்பர்சூனிட்டி" என்று ஆரம்பிக்கும். ஆள் சேர்த்தால் கமிஷன் என்கிற பணச் சுழற்சித் திட்டங்கள் 1978-ம் வருடச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டவை. 2021-ன் நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டத்தைத் தடுக்கின்றன. சட்டம் கிடக்கட்டும், உங்க பக்கத்துச் சீட்டுக்காரரை நீங்க அதில் சேர்த்துவிட்டு அவர் 15,000 இழந்தால், அவர் அதற்கப்புறம் உங்க போனை எடுப்பாரா? பதிவு செய்யாத ரூம் சீட்டும் அப்படித்தான். 1982-ம் வருடச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு இல்லாத சீட்டை நடத்துபவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் மூணாவது மாதம் சீட்டு எடுத்தவர் ஊருக்குப் போய் திரும்பாவிட்டால் எல்லாரும் பிடிப்பது அவர் சட்டையைத்தான்.

இதை விட ஆபத்து ஜாமீன் கையெழுத்து. "ஃபார்மாலிட்டிதான் மச்சி" என்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128 சொல்வது இது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவன் கட்டாத 3 லட்சத்துக்கு வங்கி முதலில் அவனைத் துரத்தி முடித்துவிட்டு அப்புறம்தான் உங்ககிட்ட வரணும் என்று இல்லை. நேராக உங்ககிட்டயே வரலாம். உங்க சிபில் ரிப்போர்ட்டிலும் அந்தக் கடன் தெரியும், நாளைக்கு உங்க வீட்டுக் கடனுக்கு அது கேள்வியாக வரும். மறுக்க ஒரு வழி: "கையெழுத்து போட முடியாது, ஆனா என்னால 5,000 முடியும், திருப்பித் தரலைன்னாலும் கேட்க மாட்டேன்." அந்த 5,000 உங்களுக்குத் தெரிந்த நஷ்டம். கையெழுத்து, அளவே தெரியாத நஷ்டம்.

பஸ்ஸில் பேசும்போது இன்னொன்றையும் மனசில் வையுங்க, ஷேர் மார்க்கெட்டில் புதுசா இறங்கியிருக்கும் தம்பிகளுக்கு இது. ஹூண்டாய் மோட்டார் இந்தியா 2024 அக்டோபரில் பட்டியலிடப்பட்டது. ராயல் என்ஃபீல்டை நடத்தும் ஐஷர், அப்பல்லோ டயர்ஸ் எல்லாம் முன்பே லிஸ்டட். வென்டர்களிலும் பல லிஸ்டட் கம்பெனிகள். "அந்த மாடலுக்கு நமக்குத்தான் ஆர்டர், இன்னும் வெளிய சொல்லலை" என்று பக்கத்துச் சீட்டில் கேட்டு ஷேர் வாங்கினால், அது செபியின் 2015 உள்தகவல் வர்த்தக விதிகளுக்குள் வரலாம். சொன்னவருக்கும் பிரச்சினை, வாங்கினவருக்கும் பிரச்சினை. செபி சட்டத்தில் இதற்குக் குறைந்தபட்ச அபராதமே 10 லட்சம் ரூபாய். ஓவர்டைம் குறைகிறதா என்று பேசுவது வேற, வெளிவராத ஆர்டரைப் பேசுவது வேற.

ரெஃபரல் போனஸ் வந்தால்

கடைசியா, கமென்ட்டில் அடிக்கடி வரும் கேள்வி. நீங்க ஒருத்தரைப் பரிந்துரைத்து அவர் சேர்ந்தால் உங்க கம்பெனி கொடுக்கும் ரெஃபரல் போனஸுக்கு வரி உண்டா? உண்டு. உங்க முதலாளி கொடுப்பது என்பதால் அது சம்பளத்தோடு சேரும், டிடிஎஸ் கணக்கிலும் வரும். வெளியே உள்ள கன்சல்டன்சி உங்களுக்குக் கமிஷனாகக் கொடுத்தால் அது சம்பளம் இல்லை, தனி வருமானமாக ரிட்டர்னில் காட்டணும். அப்படி வெளியே வாங்குவதை உங்க கம்பெனி அனுமதிக்கிறதா என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பார்த்துக்கோங்க. பல கம்பெனிகளில் போனஸ் உடனே வராது, சேர்ந்தவர் சில மாதம் தாக்குப்பிடித்த பிறகுதான் வரும், அதுவரை நீங்களும் ரோலில் இருக்கணும். அதனால் அந்தப் பணத்தை நம்பி புது போனுக்கு இஎம்ஐ போட்டுடாதீங்க. வந்த மாதம் அப்படியே 1,17,000 கணக்கில் சேர்த்துடுங்க, 26 மாதம் 24 ஆகலாம்.